வெடிப்பதற்கு முன் எழுத வேண்டிய செய்தி

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் ஒரு பழைய நிகழ்ச்சியைக் கூறுகிறது. தங்கால் என்னும் ஊரில் வாழ்ந்த வார்த்திகன் என்பவனின் சிறுவயது மகனுக்கு, வழிப்போக்கனாக வந்த பராசரன் அணிகலன்களைப் பரிசளிக்கிறான். வறிய குடும்பத்தில் திடீரெனப் பொன் மின்னுவதைக் கண்டு பொறுக்காத அரச ஊழியர்கள், அரசனுக்குரிய புதையலை எடுத்துக்கொண்டான் என்று பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். மதுரையில் ஐயை கோயிலின் கதவு திறவாமல் நின்றுவிடுகிறது. அந்தச் செய்தி பாண்டியனுக்கு எட்டுகிறது. தன் ஆட்சியில் எங்கோ முறை பிறழ்ந்திருக்கிறது என்று அவன் அஞ்சி விசாரிக்கிறான். உண்மை தெரிகிறது. வார்த்திகன் விடுவிக்கப்படுகிறான், தங்காலும் வயலூரும் அவனுக்குக் கொடையாகின்றன, அரசன் நிலத்தில் விழுந்து வணங்குகிறான், கதவு திறக்கிறது.

அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல் என்பர். 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஊர். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் அமைந்த திவ்விய தேசம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் உழைப்போர் நிறைந்த ஊர். இந்தக் கதையை நீதி தவறாத மன்னனின் புகழாகவே நாம் வழக்கமாகப் படிக்கிறோம். வேறொரு கோணமும் அதில் உண்டு. தங்காலில் நடந்த அநீதி மதுரைக்குத் தெரிவதற்கு வழியே இல்லை. தவறு செய்தவர்களே அரசனின் ஊழியர்கள். அவர்களைத் தாண்டி அரசனிடம் செய்தி செல்லாது. கோயில் கதவு அடைபட்டிராவிட்டால் வார்த்திகன் சிறையிலேயே மடிந்திருப்பான். கதவுகள் தாமாக மூடிக்கொள்ளாத காலத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது பத்திரிகை. அதைச் செய்வதற்கு அதனிடம் பொருள்வலிமையும் பாதுகாப்பும் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

செய்தியே மனுவான கதை

பட்டாசுப் பகுதியில் ஒரு பத்திரிகைச் செய்தி என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 1991-இல் அப்பகுதிப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த கோர விபத்து நாளேடுகளில் வெளியானது. அந்தச் செய்தியைக் கண்ட உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து மீண்டும் விசாரணையைத் தொடங்கியது. அந்த விபத்தில் இறந்தவர்கள் 39 பேர் என்று மாநில அரசு பதிலளித்தது. அந்த விசாரணையின் முடிவாக வந்ததுதான் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு. அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அக்குழந்தையின் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தர வேண்டும், தர இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாய் அளிக்க வேண்டும் என்று அது கூறியது. இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு வரலாற்றில் திருப்புமுனையான ஒரு தீர்ப்புக்கு ஒரு நாளேட்டுச் செய்தி வழிதிறந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து இதுவே மறுபடியும் நடந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊடகச் செய்தியின் அடிப்படையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்குப் பதிந்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. மனு எழுதத் தெரியாத, வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாத குடும்பங்களுக்கு அந்தச் செய்தியே மனுவாக நின்றது.

ஆனால் இந்த இரு சான்றுகளிலும் ஒரு குறை பொதுவாக உண்டு. இரண்டிலும் செய்தி வந்தது வெடித்த பிறகு.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்களைப் பறித்த விபத்தை எடுத்துக்கொள்வோம். விதிமீறல்களுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே இடைநிறுத்தப்பட்டிருந்தது என்ற தகவல், விபத்துக்குப் பிறகே நாடறிய வெளிவந்தது. அதாவது, ஆபத்து அரசுக் கோப்பில் இருந்தது, ஊருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வரித் தகவல் விபத்துக்கு முன்பே உள்ளூர்ப் பதிப்பில் ஒற்றைப் பத்திச் செய்தியாக வந்திருந்தால், அன்று காலை எத்தனை பேர் அந்த ஆலைக்குள் சென்றிருப்பார்கள்?

முன்கூட்டி எழுதுவது ஏன் அரிது?

பட்டாசு ஆலைகளின் ஆபத்துகள் ஒளிவுமறைவானவை அல்ல. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதே காரணங்களைப் படிக்கிறோம். உரிமம் பெற்றவர் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருப்பார். நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் கூடுதலானோர் இருந்திருப்பார்கள். அனுமதித்த அளவை மீறி மருந்து குவிக்கப்பட்டிருக்கும். அறைக்குள் செய்ய வேண்டிய வேலை வெளியே மரத்தடியில் நடந்திருக்கும். மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டிருக்கும். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், மாவட்ட உரிமம் என்று ஆலைகளை வகைபிரித்துப் பேசும் பேச்சு சிவகாசியின் தேநீர்க் கடைகளிலேயே கேட்கும். எந்த ஆலையில் என்ன நடக்கிறது என்பது அங்கு வேலைக்குச் செல்லும் பெண்களுக்குத் தெரியும். அவர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநருக்குத் தெரியும். ஊரறிந்தது ஏடேறாமல் இருப்பதற்கு அறியாமை காரணமன்று.

காரணம் பொருளியலில் இருக்கிறது. தமிழகத்தின் சிறு நகரங்களில் பணியாற்றும் பகுதிநேர நிருபர்கள் பலருக்கு நிலையான மாத ஊதியம் இல்லை. வெளியாகும் செய்திக்கு ஒரு சிறு தொகை, பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன் என்றே அவர்கள் வாழ்க்கை ஓடுகிறது. விளம்பரம் தருபவர்கள் யார்? ஊரின் ஆலை அதிபர்கள், கடை உரிமையாளர்கள், அரசியல் பிரமுகர்கள். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே தீபாவளி வாழ்த்து விளம்பரத்துக்காகப் போய் நிற்க வேண்டிய நிலையில் இருப்பவரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமன்று. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-இலேயே வந்தது; மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு, 2014-இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டன. அவற்றின் பயன் வட்டார நிருபரின் வீடு வரை வந்து சேர்வது அரிதாகவே இருக்கிறது.

இதற்கு மேல் அச்சமும் உண்டு. 2020 மார்ச்சில், ஆளுங்கட்சியின் உட்பூசல் பற்றிய செய்தி ஒன்று வெளியானதை அடுத்து, வார இதழ் ஒன்றின் நிருபர் சிவகாசியில் தாக்கப்பட்டார். பெருநகரத்து ஆசிரியருக்கு ஆபத்து வந்தால் வழக்கறிஞர்களும் சங்கங்களும் சில மணி நேரத்தில் திரள்வார்கள். சிறு நகரத்து நிருபர் மறுநாளும் அதே தெருவில், அதே ஆட்களின் முன்னால் நடந்து போக வேண்டும்.

ஆகவேதான் சிவகாசியின் இருண்ட பக்கங்களைப் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களே எழுதினார்கள். 1983-இல் தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றி ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் ஸ்மித்து கோத்தாரி எழுதினார். 1990-இல் சலம் பென்னுர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அவர்கள் பணி போற்றத்தக்கது. எனினும் வெளியூர்க்காரர் ஒருமுறை வந்து செல்பவர். உரிமம் புதுப்பிக்கப்பட்டதா, ஆய்வு நடந்ததா, குத்தகை கைமாறியதா என்று ஆண்டு முழுவதும் கவனிப்பது ஊரில் இருப்பவரால் மட்டுமே ஆகும்.

விபத்து நேர்ந்த அன்று செய்தி எழுதச் சந்தை பணம் தருகிறது. தொலைக்காட்சி வாகனங்கள் சென்னையிலிருந்தே வந்துவிடுகின்றன. விபத்து நேராமல் தடுக்கும் செய்திக்கு யார் பணம் தருவது? இந்தக் கேள்விக்கு விடை தேடி 35 ஆண்டுகளாகத் தடுமாறியும் கற்றும் வந்திருக்கிறது உலகின் ஒரு பெரும்பகுதி. பொதுவுடைமைக் கட்சிகளின் ஆட்சி முடிவுக்கு வந்த கிழக்கு, மத்திய ஐரோப்பிய நாடுகளே அவை.

அச்சகம் யார் கையில்?

அந்நாடுகளில் 1989 வரை தாள், அச்சகம், விநியோகம் ஆகிய மூன்றும் அரசின் வசம் இருந்தன. தணிக்கை அதிகாரி சிவப்பு மையால் அடிக்கத் தேவையே இல்லை. தாள் ஒதுக்கீட்டை நிறுத்தினால் போதும். போலந்தில் அரசுக்கும் தொழிற்சங்க இயக்கமான 'சாலிடாரிட்டி'க்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவாக, 1989 மே 8 அன்று ஆதம் மிச்னிக்கின் ஆசிரியத்துவத்தில் 'கஸேட்டா விபோர்ச்சா' நாளிதழ் வெளிவந்தது. அடுத்த மாதத் தேர்தலுக்காகத் தொடங்கப்பட்ட அந்த ஏடு நாட்டின் முதன்மை நாளிதழ்களுள் ஒன்றாக வளர்ந்தது. ரஷ்யாவில் 1993-இல் தொடங்கப்பட்ட 'நோவயா கஸேட்டா'வுக்கு, தமது நொபேல் பரிசுத் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு கணினிகள் வாங்கித் தந்தார் கோர்பச்சேவ். 

தணிக்கை ஒழிந்ததும் சுதந்திரம் வந்துவிடும் என்றே அன்று பலரும் நம்பினர். அப்படி வரவில்லை. சட்டம் மாறினாலும் அச்சகத்தின் சாவி பழைய கைகளிலேயே இருந்தது. பெல்கிரேடின் 'பி92' வானொலியில் பணியாற்றிய சாஷா வுச்சினிச் இதை நேரில் கண்டவர். மிலோசெவிச் அரசு அந்த வானொலியை ஒருமுறைக்கு மேல் முடக்கியது. சுதந்திர ஊடகங்களுக்கு நன்கொடை தருவதைவிடக் கடன் தருவதே மேல் என்ற கருத்தோடு அவர் 1995-இல் ஊடக வளர்ச்சிக் கடன் நிதியத்தை நிறுவினார். அதன் தொடக்ககாலக் கடன்களுள் ஒன்று, ஸ்லோவாக்கியாவின் 'ஸ்மே' நாளிதழ் சொந்தமாக அச்சு இயந்திரம் வாங்குவதற்கு வழங்கப்பட்டது. நன்கொடையாளர்கள் பயிற்சி வகுப்பும் கருத்தரங்கும் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாளிதழுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஓர் அச்சு இயந்திரம். நாடெங்கும் நாட்காட்டி அச்சிட்டு அனுப்பும் சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அச்சகம் யார் கையில் இருக்கிறதோ, அச்சிடப்படுவதும் அவர் கையில்.

அதே ஸ்லோவாக்கியா இரண்டாவது பாடத்தையும் கற்றுத்தந்தது. அரசுக்கு எதிராக நின்ற 'ஸ்மே'யின் பங்குகளை 2014-இல் பெரும் முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. ஆசிரியரும் ஆசிரியர் குழுவில் பெரும் பகுதியினரும் வெளியேறினர். 2015-இல் அவர்கள் தொடங்கிய 'தெனிக் என்' வாசகர் சந்தாவையே தன் முதன்மை வருவாயாகக் கொண்டு நிலைபெற்றது. அரசின் பிடியிலிருந்து தப்பினாலும் முதலாளியின் பிடி உண்டு. இரண்டுக்கும் வெளியே நிற்க வாசகரைத் தவிர வேறு துணையில்லை என்பதே அந்தப் பாடம்.

மூன்றாவது பாடம் குருதியால் எழுதப்பட்டது. 2018 பிப்ரவரி 21 அன்று, 27 வயதுப் புலனாய்வுச் செய்தியாளர் யான் குசியாக் தம் காதலி மார்த்தினாவுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முடிக்காமல் விட்ட செய்தியைப் பல நாட்டு ஊடகங்கள் சேர்ந்து வெளியிட்டன. மக்கள் தெருவில் திரண்டனர். பிரதமர் பதவி விலகினார். ஒருவரைக் கொன்றால் செய்தி செத்துவிடாது என்ற நிலையை ஏற்படுத்துவதே செய்தியாளருக்கான மிகப் பெரிய பாதுகாப்பு என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

ஹங்கேரியின் வழி வேறு. அங்கே பெரும்பாலும் யாரையும் சிறையில் அடைக்கவில்லை. முதன்மை எதிர்நிலை நாளிதழான 'நேப்சபத்சாக்' 2016 அக்டோபரில் ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. நட்டம் என்று காரணம் சொல்லப்பட்டது. 2018 நவம்பரில் அரசுக்கு வேண்டிய தொழிலதிபர்கள் 400-க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு இலவசமாக எழுதிக் கொடுத்தனர். அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவித்து, போட்டிச் சட்ட ஆய்விலிருந்து அரசு விலக்கு அளித்தது. 2020-இல் 'இண்டெக்ஸ்' இணைய இதழின் ஆசிரியர் நீக்கப்பட்டபோது 70-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விலகி, வாசகர் நன்கொடையால் 'டெலெக்ஸ்' என்ற இதழைத் தொடங்கினர்.

நான்காவது பாடம் அண்மையது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஓர் ஆணை, வெளிநாட்டு வளர்ச்சி உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. உக்ரைன் முதல் பால்கன் நாடுகள் வரை அந்த உதவியை நம்பியிருந்த சிறு ஊடகங்கள் ஊதியம் தர முடியாமல் திணறின. கடல்கடந்த கையெழுத்து ஒன்று உள்ளூர் நிருபரின் அடுப்பை அணைத்துவிட முடியும் என்றால், அந்தச் சுதந்திரம் இரவல் சுதந்திரமே.

நம் நாட்டிலும் அதே மூன்று சாவிகள்

இவையெல்லாம் தொலைதூரக் கதைகள் என்று ஒதுக்க இயலாது. தாள், அச்சகம், விநியோகம் ஆகிய அதே மூன்று சாவிகளுக்காக இங்கும் போராட்டம் நடந்திருக்கிறது. பட்டாசுப் பகுதிக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, அடக்குமுறைக்குத் தப்பி 'இந்தியா' வார இதழைப் புதுச்சேரியிலிருந்து வெளியிட நேர்ந்தது. ஆங்கில அரசு இதழைப் புதுச்சேரியில் தடுக்க முடியாவிட்டாலும், தன் எல்லைக்குள் நுழையத் தடை விதித்தது. வாசகரை அடைய முடியாத இதழ் 1910-இல் நின்றது.

விடுதலைக்குப் பிறகு, மும்பையிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று சென்னை மாகாண அரசு தடை விதித்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பேச்சுரிமை என்பது விநியோக உரிமையையும் உள்ளடக்கியது என்ற கோட்பாடு அங்கே நிலைபெற்றது. பக்க எண்ணிக்கைக்கேற்ப விலையை நிர்ணயித்த ஆணையை 1961-இல் 'சகால்' வழக்கிலும், நாளிதழ்கள் 10 பக்கத்தைத் தாண்டக் கூடாது என்ற அச்சுத்தாள் கொள்கையை 1972-இல் 'பென்னட் கோல்மன்' வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தாளைக் கட்டுப்படுத்துவது கருத்தைக் கட்டுப்படுத்துவதே என்பதுதான் அத்தீர்ப்புகளின் சாரம்.

அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 2006 மே 2 அன்று 'உதயன்' நாளிதழ் அலுவலகத்தில் புகுந்தவர்கள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, அச்சுத்தாளும் மையும் வந்து சேராமல் யாழ்ப்பாண நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. துப்பாக்கியும் தாள் தட்டுப்பாடும் ஒரே வேலையைத்தான் செய்தன. இருந்தும் ஏடு நிற்கவில்லை.

துணை எங்கிருந்து வர வேண்டும்?

இந்தியாவில் வெளிநாட்டு உதவி என்ற கேள்விக்கே பெரிதும் இடமில்லை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010, செய்தி ஊடகங்களும் செய்தியாளர்களும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. அச்சு ஊடகத்திலும், 2019 முதல் எண்மச் செய்தி ஊடகத்திலும் வெளிநாட்டு முதலீட்டுக்கு 26 விழுக்காடு உச்சவரம்பு உண்டு. இதைக் குறையென்று கருதுவோரும் அரண் என்று கருதுவோரும் இருக்கிறார்கள். 2025-இல் கிழக்கு ஐரோப்பா பட்ட பாட்டைப் பார்க்கும்போது, நம் துணையை நாமே தேடிக்கொள்வது நல்லது என்றே தோன்றுகிறது.

அதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 1990-களில் பி.சாய்நாத் ஒரு நாளிதழின் ஆய்வுநல்கையைக் கொண்டு நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் நடந்து திரிந்தார். அவற்றுள் தமிழகத்தின் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அடக்கம். 1985 வரை விருதுநகர்ப் பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் கூறாகவே இருந்தது. அன்றாடச் செய்தி நெருக்கடியிலிருந்து விடுவித்துச் சிறிது பணமும் போதிய காலமும் கொடுத்தால் ஒரு செய்தியாளர் எத்தனை ஆழமாக எழுத முடியும் என்பதற்கு அவரது நூல் சாட்சி. 2014-இல் அவர் தொடங்கிய ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக்களஞ்சியம் இன்று தமிழிலும் வெளிவருகிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா' இன்னும் துணிச்சலானது. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கிராமப் பெண்களே நிருபர்களாகி, ஊரின் கல்குவாரியையும் காவல் நிலையத்தையும் பற்றி வட்டாரமொழியில் எழுதினர். 2015-இல் பெங்களூருவில் அமைந்த சுதந்திர, பொதுநல ஊடக அறக்கட்டளை, இந்தியக் கொடையாளர்களின் நிதியை இந்திய ஊடகங்களுக்கு வழங்கும் முயற்சி. 2022 செப்டம்பரில் அங்கு வருமான வரித் துறை ஆய்வு நடத்தியது. உள்நாட்டுக் கொடைக்கும் நெருக்கடி உண்டு என்பதையும் மறக்கலாகாது.

பட்டாசுப் பகுதிக்கு என்ன செய்யலாம்? முதலாவது, தகவல். உரிமம் பெற்றோரின் விவரங்களைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 கூறுகிறது. எந்த ஆலைக்கு என்ன வகை உரிமம், அது எதுவரை செல்லும், கடைசி ஆய்வு எப்போது, உரிமம் இடைநிறுத்தப்பட்டுள்ளதா ஆகிய விவரங்களை வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் மாதந்தோறும் தமிழில் வெளியிட்டால், செய்தியாளரின் பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பட்டியலை ஆலை வாயிலிலும் ஒட்டலாம்.

இரண்டாவது, ஊதியம். மதுரை, விருதுநகர் வட்டாரக் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் ஆண்டுக்கு ஒரு சிலருக்கேனும் வட்டார நிருபர் நல்கை வழங்கலாம். தொழிற் பாதுகாப்பு, பொது மருத்துவம், நீர்நிலை என ஒரு துறையை ஓராண்டு முழுக்கப் பின்தொடர்வதற்கு அது உதவும். யாரைப் பற்றி எழுதலாம், எழுதக் கூடாது என்று நல்கை தருபவர் சொல்லக் கூடாது. நிதி யாருடையது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் இல்லாத உதவி மற்றொரு விளம்பரமே.

மூன்றாவது, சட்டத் துணை. பத்திரிகையாளர்கள் மீது மாநில அரசு தொடுத்திருந்த பல குற்றவியல் அவதூறு வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே 21 அன்று ரத்து செய்தது. பெரிய நிறுவனங்களின் ஆசிரியர்கள் வழக்காடிப் பெற்ற வெற்றி அது. சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ இருக்கும் நிருபருக்கு ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால் அவர் எங்கே போவார்? மாவட்ட அளவில் வழக்கறிஞர் சங்கங்களும் பத்திரிகையாளர் சங்கங்களும் இணைந்து ஒரு சட்ட உதவிக் குழுவை அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

நான்காவது, கூட்டு. யான் குசியாக்கின் செய்தியைப் பிற ஊடகங்கள் சேர்ந்து முடித்ததுபோல, ஆபத்தான செய்திகளைப் போட்டி இதழ்களும் ஒரே நாளில் வெளியிடும் பழக்கம் வந்தால் தனியொருவரை மிரட்டிப் பயனில்லை என்றாகும்.

ஐந்தாவது, சந்தா. ஊர்ச் செய்திக்கு இதழ் விலைக்கு மேலும் ஒரு சிறு தொகையை மாதந்தோறும் தர முன்வரும் சில ஆயிரம் வாசகர்கள், ஒரு வட்டாரத்துக்கு ஓரிரு முழுநேர நிருபர்களைத் தாங்க முடியும். அதற்கு ஈடாக அவர்கள் கணக்குக் கேட்கவும் வேண்டும்.

நியாயமான ஐயங்கள்

இதற்கு எதிரான வாதங்களையும் கேட்க வேண்டும். பத்திரிகையாளர் அட்டையைக் காட்டி ஆலைகளில் பணம் பறிக்கும் போலி நிருபர்கள் பற்றி ஆலை உரிமையாளர்கள் புலம்புவதில் உண்மை உண்டு. ஊதியமற்ற நிருபர் முறையே அத்தகையோருக்கு இடம் தருகிறது. ஊதியமும் பொறுப்பும் உள்ள நிருபர் பெருகினால் அவர்களுக்கு இடம் சுருங்கும்.

வெளியூர் ஊடகங்கள் சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளரையும் விபத்தையும் மட்டுமே காட்டுகின்றன என்ற மனக்குறையும் அங்கு நெடுநாளாக உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தபோது, தில்லியின் புகையைப் பற்றி நாடு பேசியது. வேலையிழந்து வீட்டில் இருந்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அதற்கும் மாற்று, இரு பக்கமும் அறிந்த உள்ளூர்ச் செய்தியாளரே. விதிப்படி ஆலை நடத்தி, அதற்கான செலவையும் ஏற்கும் உரிமையாளர், உள்குத்தகைக்கு விட்டு மலிவாக விற்பவரிடம் சந்தையில் தோற்கிறார். பின்னவரின் விபத்துக்குப் பிறகு ஆய்வு, கெடுபிடி, அவப்பெயர் அனைத்தையும் முன்னவரும் சேர்ந்தே சுமக்கிறார். நேர்மையான ஊர்ச் செய்தி தொழிலாளருக்கு எத்தனை அரணோ, நேர்மையான முதலாளிக்கும் அத்தனை அரண்.

பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் நாம் தலைநகரங்களையும் பிரதமர்களையும் நினைக்கிறோம். கிழக்கு ஐரோப்பாவின் 35 ஆண்டுகள் கூறுவது வேறு. அச்சு இயந்திரத்தின் தவணையை யார் கட்டுவது, நிருபரின் பேருந்துக் கட்டணத்தை யார் தருவது, வழக்கு வந்தால் யார் வாதாடுவது என்ற சிறு கணக்குகளில்தான் அந்தச் சுதந்திரம் வாழ்கிறது அல்லது சாகிறது. பட்டாசுப் பகுதியில் அந்தக் கணக்கு பிசகினால் விலை உயிராக இருக்கிறது.

வார்த்திகனை விடுவித்த பாண்டியன் அத்தோடு நிற்கவில்லை என்கிறது சிலப்பதிகாரம். சிறைக்கோட்டத்தைத் திறக்கச் செய்தான். புதையலாயினும் கிடைத்த பொருள் பெற்றவருக்கே உரியது என்று யானை மீது முரசறைவித்து ஊரெங்கும் அறிவித்தான். ஓர் அநீதியைச் சரிசெய்ததோடு, இனி அது நேராதிருக்கும் விதியையும் எல்லாருக்கும் தெரியும்படி செய்தான். முதலிப்பட்டியின் இடைநிறுத்த ஆணைக்கு அப்படி ஒரு முரசு கிடைக்கவில்லை. அடுத்த ஆணைக்காவது அது கிடைக்க, ஆலை வாயில் வரை சென்று கேட்டு எழுதும் ஒரு நிருபர் திருத்தங்கலில் இருக்க வேண்டும். அவரது மாதச் சம்பளம் அந்த ஆலையின் விளம்பரத்திலிருந்து வராதிருக்க வேண்டும்.